ஆந்தைப் பாறையின் கீழ் குல்ஷன்

"மேற்படி நபர் பூங்கா விதிகளை மதிக்காதவர், பறவைகளுக்கும் பார்வையாளர்களுக்கும் இடையூறு விளைவித்தவர், சாகச விளையாட்டில் ஆர்வமற்றவர். ஆகவே இவரது பாறையேற்ற அனுமதி ரத்து செய்யப்படுகிறது."

கருங்கல்மேடு காட்டுப் பூங்கா நிர்வாகம் குல்ஷனைப் பற்றிப் பிறப்பித்த ஆணை இது. கையெழுத்து சரியாக இருக்கிறது, முத்திரையும் சரியாக இருக்கிறது. ஆள்தான் பொருந்தவில்லை.

விதிகளை மதிக்காதவர் என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. குல்ஷன் தி.நகரில் லேஸ், பட்டன், ஜிப் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். மயிலாப்பூர் வீட்டிலிருந்து கடைக்கு வரும் வழியில் ஓர் ஒருவழிப் பாதை. அதில் தினமும் எதிர்த்திசையில்தான் ஸ்கூட்டர் ஓட்டுவார். "இந்த ரோடு ஒன்வே ஆவறதுக்கு முன்னாடியே நான் இப்படித்தான் வந்துகினு இருந்தேன்" என்று போக்குவரத்துக் காவலரிடமே வாதாடுவார். காவலர் எழுதும் அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாளும் அப்படியே வருவார்.

பாறையேற்றத்துக்கு அவர் வந்ததும் ஒரு சண்டையில்தான். மகள் ஆயத் ஆழ்வார்பேட்டையில் செயற்கைச் சுவர் ஏறும் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்திருந்தாள். அவளைக் கூட்டிப்போக வந்த குல்ஷன், சுவரை அண்ணாந்து பார்த்தபடி கொஞ்சம் அருகில் போனார். கூடத்தை நடத்தும் ஷெல்டன் மிகுந்த மரியாதையுடன், "ஆன்ட்டி, வெயிட்டிங் ஏரியா அந்தப் பக்கம்" என்றான்.

மறுநாள் குல்ஷன் தன் பெயரில் பணம் கட்டினார். ஆயத் இரண்டு மாதத்தில் சலித்து நின்றுவிட்டாள். அம்மா நிற்கவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

சுவருக்குப் பிறகு நிஜப் பாறை. கயிறு கட்டாமல், இரண்டு ஆள் உயரப் பாறையில் கைகால்களை மட்டும் நம்பி ஏறுவதைப் போல்டரிங் என்கிறார்கள். விழுந்தால் தாங்குவதற்குக் கீழே தடித்த மெத்தை. அந்த மெத்தையை முதுகில் கட்டிக்கொண்டு, கருங்கல்மேடு பூங்காவுக்குப் போக ஞாயிறுதோறும் திருவான்மியூரில் பஸ் ஏறுவார். "இன்னாம்மா, படுக்கையோட வர்ற? காட்லயே தங்கிடப் போறியா?" என்பார் கண்டக்டர். "உங்க வண்டி போற ஸ்பீடுக்கு வழியிலயே ஒரு தூக்கம் போட்டுர்லாம் நைனா" என்பார் குல்ஷன்.

ஸ்கூட்டரில் எந்த விதிக்கும் அடங்காத இந்தப் பெண்மணி, பாறையில் மட்டும் ஒரு சர்வாதிகாரி. பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசிய சாக் பொடி பாறையில் படிந்திருந்தால், ஏறி முடித்ததும் பிரஷ் போட்டுத் துடைக்க வேண்டும். மெத்தையைச் செடியின் மேல் போடக் கூடாது. பிடி கிடைக்கவில்லை என்று பாறையைக் கொத்தக் கூடாது. ஒருமுறை சின்ன உளியோடு வந்தவனை, "ஏறத் தெரியலன்னா வூட்டுக்குப் போ. பாறை இன்னா உன் மாமனார் வூட்டு செவுரா?" என்று கேட்டு வாசல்வரை கூடவே நடந்து வழியனுப்பினார்.

அந்தப் பூங்காவின் கிழக்கு மூலையில் யாரும் ஏறி முடிக்காத பாறை ஒன்று உண்டு. முதலில் ஏறுபவர் அந்த வழிக்குப் பெயர் வைக்கலாம் என்பது ஏறுவோர் வழக்கம். குல்ஷன் பெயரை முன்பே முடிவு செய்துவிட்டார்: வெயிட்டிங் ஏரியா. ஐந்து குளிர்காலமாக அதற்காக விழுந்துகொண்டிருந்தார். விரல் மூட்டுகளைப் பார்த்த டாக்டர், "இந்த சீசனோட நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டார். வெயில் காலத்தில் கருங்கல்லைத் தொடவே முடியாது. ஆக, மிச்சமிருந்தது இந்த ஜனவரிதான்.

அந்த ஜனவரியில்தான் பூங்கா நிர்வாகமும் ஷெல்டனும் சேர்ந்து சாகச விழா அறிவித்தார்கள். தொடக்க நிகழ்ச்சி, ஐம்பத்து நான்கு வயது குல்ஷன் அந்தப் பாறையில் ஏறுவது. பேனரில் அவர் படம்.

விழாவுக்கு முந்தைய ஞாயிறு, ஒத்திகை. குல்ஷன் அதுவரை எட்டாத கடைசிப் பிடிவரை எட்டினார். உச்சிக்கு இன்னும் ஒரே ஒரு இழுப்பு. தலை விளிம்புக்கு மேலே வந்தபோது, எதிரே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கண்கள். கொம்பன் ஆந்தை. சிறகை விரித்து, அலகைச் சொடக்கியது. அதன் வயிற்றுக்கடியில், வெறும் பாறைமேல், முட்டைகள்.

குல்ஷன் கையை விட்டுவிட்டார். மெத்தையில் வந்து விழுந்தார்.

"கைக்கு வந்ததை விட்டுட்டீங்களே ஆன்ட்டி!" என்று ஷெல்டன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மேல ஆந்தை முட்டை வெச்சுக்கீது. விழாவை வேற பாறைக்கு மாத்து."

"ஆந்தைக்காகவா? நீங்க ஏறுனா பறந்து போவும், அப்புறம் வந்துரும்."

"வந்துரும்னு உனக்கு போன் பண்ணி சொல்லிச்சா?"

"இதை விட்டா உங்களுக்கு வேற சான்ஸ் இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? விரல் என்னுதுப்பா."

பூங்கா அதிகாரியிடம் போனார். அவர் வருத்தத்தோடு கேட்டுவிட்டு, "மயிலா இருந்தா சொல்லிப் பார்க்கலாம் மேடம். ஆந்தைன்னா மேலிடத்துல சிரிப்பாங்க. அபசகுனம் வேற" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் தேசியப் பறவை, மாநிலப் பறவை எல்லாம் படமாகத் தொங்கின.

விழாவன்று காலை, கூட்டம் வருமுன்பே குல்ஷன் போய்ப் பாறையின் கீழே மெத்தையை விரித்து, அதன் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். சிறப்பு விருந்தினர் வந்தார். மைக்கில் மூன்று முறை குல்ஷனின் பெயர் ஒலித்தது. அவர் அசையவில்லை. அதிகாரி ஓடிவந்தார்.

"மேடம், எழுந்திருங்க."

"வாசல்ல ஒரு போர்டு கீதே, உங்களுதா?"

"எங்களுதுதான்."

"முட்டை வெக்கிற காலத்துல கூட்டுக்குக் கிட்ட போவக் கூடாதுன்னு அதுல எழுதி வெச்சது யாரு?"

"அது பொதுமக்களுக்கு மேடம்."

"நான் இன்னா பொதுமக்கள் இல்லியா?"

"நீங்க இன்னிக்கு சிறப்பு அழைப்பாளர்!"

கூட்டம் சிரித்தது. அதிகாரி எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்துவிட்டுப் பிறகு கோபப்பட்டார். ஷெல்டன் இரண்டு இளைஞர்களைப் பின்பக்கமாக அனுப்பிப் பார்த்தான். குல்ஷன் மெத்தையை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அவர்கள் முன்பக்கம் வந்தால் அவரும் முன்பக்கம் வந்தார். "ஏறு, ஏன் நிக்கிற? என் தலை மேல கால் வெச்சு ஏறு" என்றார். யாரும் வைக்கவில்லை.

கணவர் மெஹபூப் அலி மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தார். அவர் ஐந்து வருடமாக மனைவியை "கீழ எறங்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர். நடப்பதைப் பார்த்துவிட்டு அதிகாரியிடம், "சார், இவங்க மேல ஏறுனப்போல்லாம் நான் ஒருத்தன்தான் கத்துனேன். ஒருநாள் கீழ உக்காந்ததுக்கு ஊரே கத்துதே" என்றார். பிறகு மனைவிக்குக் குடை பிடித்தபடி மெத்தையின் ஓரத்தில் அவரும் உட்கார்ந்துகொண்டார்.

சிறப்பு விருந்தினர் பொன்னாடையைப் பெற்றுக்கொண்டு கிளம்பினார். விழா அருகிலிருந்த சிறிய பாறைக்கு மாறியது. சத்தத்தில் ஆந்தை மிரளும் என்று, ஒலிபெருக்கியைத் தூரமாக எடுத்துப் போகும்வரை குல்ஷன் விடாமல் குரல் கொடுத்தார். மறுவாரமே ஆணை வந்தது. டாக்டர் சொன்னபடி, மார்ச்சுக்குள் அவருடைய வலதுகை விரல் இரண்டு மடங்க மறுத்துவிட்டன. அந்த வழிக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

சாகச விழா நடந்த நாளில், காலையிலிருந்து பூங்கா மூடும்வரை, குல்ஷன் கிழக்கு மூலைப் பாறையின் கீழ் உட்கார்ந்திருந்தார். வேறு யாரையும் ஏற விடவில்லை. அவரும் ஏறவில்லை.