இரும்புக் குளிசைக்கு ஒரு கோப்பைச் சாயம்

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் எனக்கு வேலை. வாட்டிய கொழுந்தையும் என்னையும் அருகருகே வைத்தால் கொழுந்துதான் தெம்பாகத் தெரியும். கல்யாணத்தன்று மாலையின் கனத்தில் நான் முன்னால் சாய்ந்ததை நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். என்னை நம்பி வந்தவள் வயிற்றில் பிள்ளை நின்றபோது, முதல் பரிசோதனையிலேயே ரத்தம் குறைவு என்றார்கள்.

மருத்துவமாது என் மனைவியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

"என்ன புள்ள, உள்ளுக்குள்ள வெள்ளைக்காரியா மாறிக்கிட்டு இருக்கியா?" என்றேன்.

"பொறக்கிறது ஒங்கள மாதிரி இல்லாம இருந்தா சரிங்க," என்றாள்.

மருத்துவமாதும் சிரித்தார். பிறகு இரும்புச்சத்துக் குளிசைகளைத் தந்து, ரத்தம் ஏறாவிட்டால் பிள்ளை எடை போடாது, முந்தியே பிறந்துவிடவும் கூடும் என்றார்.

அவள் ஒருநாளும் குளிசையை விடவில்லை. விடியற்காலையில் மலையிலிருந்து வரும் எங்கள் பீலித் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். அதனால் ரொட்டியும் சம்பலும் தின்ற கையோடு, கொதிக்கக் கொதிக்கச் சாயத் தண்ணியில் குளிசையை விழுங்கிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவாள். பாலில்லாத தேநீருக்கு எங்கள் பக்கம் சாயத் தண்ணி என்றுதான் பெயர். தலைவலிக்கோ காய்ச்சலுக்கோ, எந்தக் குளிசையையும் லயத்தில் எல்லோரும் அதில்தான் விழுங்குவோம்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறவில்லை. அதற்கடுத்ததில் இன்னும் குறைந்திருந்தது.

"குளிசைய எங்கயாச்சும் வீசுறீங்களா தங்கச்சி?" என்று மருத்துவமாது கேட்டார். வீடு திரும்பும் வழிநெடுக என் மனைவி அழுதுகொண்டே வந்தாள்.

ஒரு காலை மருத்துவமாதே எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்துவிட்டார். அவள் ஒரு கையில் குளிசையும் மறுகையில் கோப்பையுமாக நின்றாள்.

"எப்பவும் தேத்தண்ணியிலயா போடுறீங்க?"

"ஆமாங்க மிஸ். பச்சத்தண்ணி குளுருதுங்க."

அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "தேத்தண்ணி அந்த இரும்ப ஒடம்புல சேர விடாது தங்கச்சி. சுடுதண்ணியில போடுங்க. தேத்தண்ணிய நல்லா நேரம் போனப்புறம் குடிங்க. கீரையில தேசிக்கா புளிஞ்சி சாப்புடுங்க. நான்தான் இத மொதல்லயே கேட்டிருக்கணும்."

"நாங்க காயவச்ச தூளு எங்களையே காயவச்சிருச்சா மிஸ்?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அன்றிலிருந்து சுடுதண்ணீர் வைப்பது என் வேலையானது. கறிவேப்பிலை மரத்தை மொட்டையடித்தவன் என்று பக்கத்துக் காம்பராக்காரி ஏசினாள். கீரையோடு அந்த இலையையும் சுண்டி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். ரத்தம் மெல்ல ஏறத் தொடங்கியது. அதற்குள் வலி வந்துவிட்டது, நாள் ஆகும் முன்பே.

பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விடச் சொன்னார்கள். என் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடிக்க அவள் கை போதவில்லை. மறுநாள் அந்தப் பெட்டி காலியாக இருந்தது.

முந்திப் பிறக்கப் பல காரணம் உண்டு, ரத்தக்குறைவும் அதில் ஒன்று என்றார் டொக்டர். என் மனைவியின் காதில் அந்த ஒன்றுதான் விழுந்தது.

பிள்ளை பெற்ற உடம்புக்கும் குளிசை வேண்டும் என்று மறுபடி தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த முதல் காலை, ஆற்றிய சுடுதண்ணீரோடு அதை நீட்டினேன்.

"யாருக்குங்க?" என்றாள்.

"ஒனக்குத்தான் புள்ள."

வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஆறிப்போனது. மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்தேன்.