மலையேறிப் போன விதைத் தக்காளி

போன ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "உங்க தக்காளி விதை கொஞ்சம் குடுங்களேன். என் செடியெல்லாம் சுருண்டு போச்சு" என்றார். ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். "இத எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டார்.

கடையிலா? அந்த விதைக்காக நான் ஜீப்பில் மலையேறியது... வாழை மரத்தடியில் கோழிகளோடு மல்லுக்கு நின்றது... எல்லாவற்றையும் சுவருக்கு மேலே நின்று சொல்ல முடியுமா? "வீட்டு விதைதான் டீச்சர்" என்று முடித்துக்கொண்டேன்.

உங்களிடம் அப்படி முடித்துக்கொள்ள மனசு வரவில்லை.

மூன்று வருடம் இருக்கும். மலையடிவாரத்தில் இதே போடி ஊர், இதே வீடு, பின்பக்கம் இதே துண்டு மண். அந்த வருடம் பாக்கெட் விதை வாங்கிப் போட்டிருந்தேன். பாக்கெட்டின் மேல் இருந்த பழத்தின் படத்தைப் பார்த்தால் அப்படியே கடித்துவிடத் தோன்றும். விதை முளைத்தது, வளர்ந்தது, பூக்கிற நேரத்தில் சுருட்டை நோய் வந்தது. இலையெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி மடங்கிப் போயிற்று. ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி எறிந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு செடி மட்டும் சுருளாமல் நிமிர்ந்து நின்றது.

அது காய்த்தது. நாங்களும் சும்மா இருப்போமா? ரசம், சட்னி, தொக்கு... தின்று தீர்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் பழம் பறிக்கக் கையை நீட்டும்போதுதான் உறைத்தது. இத்தனை செடி செத்த மண்ணில் இது ஒன்று மட்டும் நிற்கிறதே, இதன் விதையை அல்லவா எடுத்து வைக்க வேண்டும்?

அப்போது செடியில் மிச்சமிருந்தது இரண்டு பழம். ஒன்றை மறுநாளே அணில் பாதி தின்றுவிட்டது. மற்றதன் காம்பில் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டினேன். விதைக்கு விடுகிற பழத்தை அவசரப்பட்டுப் பறிக்கக் கூடாது. செடியிலேயே கனிந்து, தொட்டால் அமுங்குகிற பதம் வரை விட வேண்டும். தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பேன்.

ஆனி மாதம் ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், காம்பு இருக்கிறது, துணி இருக்கிறது, பழம் இல்லை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"ராணி வந்துச்சு. ஒரு நாழி இருந்துட்டு ஜீப்புக்கு நேரமாச்சுன்னு கெளம்பிருச்சு. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. செடியில நல்ல பழம் ஒண்ணு இருந்துச்சு, பறிச்சுக் குடுத்தேன்."

"துணி கட்டியிருந்தேனே... பாக்கலையா?"

"பாத்தேன். பழுத்துருச்சுன்னு அடையாளத்துக்குக் கட்டியிருக்கேன்னு நெனச்சேன்."

ராணி இவருடைய தங்கை. என் நாத்தனார். மலை மேல் போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்தில் அவள் வீட்டுக்காரர் பாண்டி சூப்பர்வைசர். ராணி வந்தால் ஒரு நாளாவது தங்குவாள். இந்தத் தடவை நான் வருகிற வரைகூட இருக்கவில்லை. "என்ன விசயமா வந்தா?" என்று கேட்டேன். "சும்மாதான் வந்தேன்னு சொல்லுச்சு" என்றார். அதை நானும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பழம்தான் மனசு முழுக்க.

"காலையில மொத ஜீப்புல மலைக்குப் போறேன்."

"எதுக்கு?"

"தக்காளிக்கு."

பென்சில் சீவுவது நின்றது. "ஒரு தக்காளிப் பழத்த நாத்துனா வீடு வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தாள்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஆடிப்பட்டத்துக்கு எனக்கு விதை வேணும்."

ஊர் சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாத்தனார் முகம் கோணினால்? கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்க ஆள் வருகிற வீடு என்று ஒரு பேச்சு விழுந்தால், அது தலைமுறைக்கும் நிற்கும். எல்லாம் தெரிந்துதான் கிளம்பினேன். செத்த செடிகளை என் கையால்தானே பிடுங்கிப் போட்டேன்? அடுத்த வருடமும் அதையே செய்ய எனக்கு மனசில்லை.

கூலி ஆட்கள் ஏறுகிற ஜீப்பில் இடம் பிடித்து, கூடையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் காராச்சேவுப் பொட்டலமுமாக உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு கூடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேலே போகப் போகச் சாரல்.

ராணிக்கு வாசலில் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. முன்னறிவிப்பில்லாமல் காலையில் ஒருத்தர் மலையேறி வந்தால் என்ன அர்த்தம்? யாரோ செத்த துஷ்டிச் செய்தி என்று அர்த்தம்.

"என்ன மதினி... அண்ணே நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்காகத்தா. நான் தக்காளிக்கு வந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு மெதுவாக மாறியது.

"ஒரு பழம்... அதுக்கா இம்புட்டுத் தூரம்? எடுத்துக்கிட்டு வந்தது தப்புன்னா சொல்லியனுப்பியிருக்கலாமே மதினி."

"பழத்த நீ தின்னுக்கத்தா. எனக்கு விதை போதும்." சுருட்டை நோயிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் அவளிடம் சொன்னேன்.

ராணி கையைப் பிசைந்தாள். "இப்பத்தான் மதினி அரிஞ்சேன். விதையெல்லாம் வழிச்சு, கழுவி, பின்னால வாழைக்கு ஊத்திட்டேன்."

விதையை வழித்து ஊற்றுவார்களா? எங்கள் பக்கம் தக்காளியை அப்படியே பிசைந்துதான் ரசம் வைப்போம். "விதைய ஏன் ஊத்துன?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"அவுகளுக்கு விதை ஆகாது."

"யாருக்கு, பாண்டி அண்ணனுக்கா? ஏன் ஆகாது?"

அவள் உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் உள்ளே கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. எஸ்டேட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட நேரம் அது. எட்டிப் பார்த்தேன். பாண்டி அண்ணன் இடுப்பைப் பிடித்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வாங்க தங்கச்சி" என்று எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

ராணி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள். சிறுநீரகத்தில் கல். மாசியிலிருந்து வலிக்கிறது. விதை உள்ள காயைத் தள்ளச் சொல்லியிருக்கிறார் இங்கே உள்ள டாக்டர். மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யாவிட்டால் கிட்னியே போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார். பாண்டி அண்ணன் அசையவில்லை. ஏலக்காய் எடுப்பு வருகிறது, இப்போது லீவு போட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்கிறார். உள்ளுக்குள் அவருக்கு ஆபரேஷன் கத்தி என்றால் பயம்.

"நேத்து அண்ணன்கிட்ட இதச் சொல்லத்தான் மதினி வந்தேன். அண்ணே வந்து ஒரு அதட்டு அதட்டுனா இவுக கேப்பாக. ஆனா அண்ணே மொகத்தப் பாத்ததும் வாய் வரல. கீழ வாத்தியார் மாப்ள பாத்து வச்சிருந்தாக. நான்தானே இவுகளத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னேன்? இப்ப எந்த மொகத்தோட போயி அழ?"

வயிற்றில் இத்தனை பாரத்தை வைத்துக்கொண்டா தன் அண்ணன் எதிரே உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள்? அத்தனை வளைவு இறங்கி யாராவது "சும்மா" வருவார்களா? நாம்தான் அந்தச் சொல்லை அப்படியே நம்பி, கையில் ஒரு பழத்தையும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, கெளம்புங்க. மத்தியான ஜீப்புல கீழ போறோம். காலையில ரயிலு, மதுரை."

"ஆடி கழியட்டும் தங்கச்சி. சோலி கெடக்கு."

"சோலி எப்பவும் கெடக்கும். நீங்க இருக்கணும்ல."

"நீங்க தக்காளிக்கு வந்தீக. அதப் பாருங்க" என்று சிரிக்கப் பார்த்தார். பாதியில் வலி வந்து பல்லைக் கடித்தார்.

"தக்காளி விதைக்கே மலையேறி வந்தவ நான். உங்கள விட்டுட்டு எறங்கிருவேனா? நீங்க எந்திரிக்கிற வரைக்கும் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

அவர் ராணியைப் பார்த்தார். ராணி தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் போட்டு அழுதிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்து, "அந்த வெள்ளச் சட்டைய எடு" என்றார்.

ஜீப் வர இன்னும் நேரமிருந்தது. ராணி துணிமணியைப் பெட்டியில் அடுக்கினாள். நான் பின்பக்கம் ஓடினேன்.

வாழையடியில் மூன்று கோழிகள். கழுவி ஊற்றிய இடத்தைக் கிளறிக்கொண்டிருந்தன. கல்லெடுத்து விரட்டினால் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்தன. சாரலில் உட்கார்ந்து, சேற்றிலும் சோற்றுப் பருக்கையிலும் ஒட்டிக் கிடந்த விதையை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்து ஒரு கொட்டாங்கச்சியில் போட்டேன். காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டு ராணி வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பொறுக்கினாள்.

கடைசியில் உள்ளங்கையின் குழிக்குள் அடங்குகிற அளவு தேறியது.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பாண்டி அண்ணன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மெல்லப் போறேன்க்கா" என்றவர், சொன்னபடியே பல்லக்கு மாதிரி ஓட்டினார்.

வீட்டு வாசலில் நாங்கள் மூன்று பேராக இறங்கியதைப் பார்த்து என் வீட்டுக்காரர் திகைத்து நின்றார். நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்து இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கிட்ட சொல்ல உனக்கு என்னத்தா பயம்?"

ராணி நின்றபடியே அழுதாள். அவர் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அதட்ட வேண்டிய ஆளை அதட்டவே இல்லை. பாண்டி அண்ணனின் தோளைப் பிடித்து மெதுவாகக் கட்டிலில் உட்கார வைத்தார். மறுநாள் காலை மூன்று பேரும் மதுரைக்கு ரயிலேறினார்கள்.

நான் வீட்டில் தனியாக, என் விதையோடு.

விதையின் மேல் வழவழப்பு இன்னும் இருந்தது. அது போகாமல் காயவைத்தால் சரியாக முளைக்காது. டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் போட்டு மூடினேன். இரண்டு நாளில் நுரை கட்டிப் புளித்த வாடை அடித்தது. அலசினேன். மிதந்ததெல்லாம் பதர், ஊற்றிவிட்டேன். அடியில் தங்கியதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினேன். மதுரையிலிருந்து என்ன செய்தி வருமோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்த அந்த நாட்களில் என் கைக்கு இருந்த ஒரே வேலை அதுதான். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்துவிட்டதா... இல்லை, இன்னும் கொஞ்சம்.

கல்லை எடுத்துவிட்டார்கள். கிட்னி தப்பியது. இன்னும் சில வாரம் தள்ளியிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். ஆடி பிறந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். பாண்டி அண்ணன் மலையேறுகிற தெம்பு வரும் வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். எஸ்டேட்டில் வேலையும் போகவில்லை. என் வீட்டுக்காரர் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

ஆடிப்பெருக்கன்று விதை போட்டேன். எல்லாம் முளைத்தது என்று சொன்னால் பொய். பாதிதான் முளைத்தது. அதிலும் சிலது சுருண்டது. சுருண்டதைப் பிடுங்கினேன், நிமிர்ந்து நின்றதில் மட்டும் மறுபடி விதை எடுத்தேன். அடுத்த வருடமும் அப்படியே. இப்போது சுருள்கிற செடி ஒன்றோ இரண்டோதான். விடாமல் எடுத்தால் விதை நம் மண்ணுக்குப் பழகும் போலிருக்கிறது.

ராணி வீட்டு வாழையடியிலும், எங்கள் கண்ணிலும் கோழி கண்ணிலும் படாமல் தப்பியது நாலைந்து செடியாக வந்ததாம். குளிரில் பழம் சின்னதுதான், ஆனால் நல்ல புளிப்பு என்கிறாள்.

பாண்டி அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். விதையோடு தக்காளி சாப்பிடலாம் என்று மதுரை டாக்டரே சொல்லிவிட்டாராம்.

டாக்டர் சொல்லி என்ன செய்ய... ராணி விட வேண்டுமே.