நீலக்கல்லுக்கு மூன்று நாள்

நீலக்கல்லை வாங்கியதும் மோதிரத்தில் பதித்துவிடக் கூடாது. நீலத் துணியில் முடிந்து மூன்று நாள் புஜத்தில் கட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் கெட்டது எதுவும் நடக்காவிட்டால்தான் ராசி. "சனியைப் போலக் கொடுக்கறவனும் இல்ல, கெடுக்கறவனும் இல்ல, சார்" என்று சொல்லித்தான் பல்லாவரம் கல் வியாபாரி அப்பாவிடம் அதைத் தந்திருந்தார். அப்பாவுக்கு ஏழரைச் சனி. பதவி உயர்வு இழுத்துக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்ததும் கல்லைப் பால் டம்ளரில் போட்டுப் பார்த்து, பால் நீலமாகத் தெரிகிறது என்றார். எனக்குப் பால் பாலாகத்தான் தெரிந்தது.

எண்பதுகளின் கடைசி. கீழ்க்கட்டளையில் இருந்தோம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து ஒரு வருடம் வீட்டில் கிடந்த எனக்கு, தாம்பரத்து ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றிலிருந்து முதல் இன்டர்வியூ கடிதம் வந்திருந்தது. அப்பா கல்லைக் கட்டிய இரண்டாம் நாள் இன்டர்வியூ. இஸ்திரி போட்ட காட்டன் புடவையோடும் பைலோடும் கிளம்பினேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அப்பா. "மூணு நாளைக்கு வீட்ல யாரும் புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது. அப்புறம் நடக்கறது கல்லால நடந்ததா, உன்னால நடந்ததான்னு எப்படித் தெரியும்?"

"இன்னிக்குத்தாம்ப்பா இன்டர்வியூ. எனக்காகத் தள்ளி வெப்பாங்களா?"

"இது போனா வேற வரும்."

அம்மா பைலை வாங்கி பீரோவில் வைத்தாள். நானும் கொடுத்தேனே! அந்த ஆத்திரம் இன்னும் என்மேலேயே இருக்கிறது. நீலக்கல் என்பது அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து, துளி இரும்பும் டைட்டானியமும் கலந்த ஒரு சாமான். அதற்காக நான் வீட்டில் உட்கார வேண்டுமா?

அன்று சாயங்காலம் தம்பி சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். வீடே கூடிவிட்டது. இது கல்லின் வேலையா, இல்லையா? அப்பா பஸ் பிடித்துப் பல்லாவரம் போய் வியாபாரியிடமே கேட்டுவிட்டு வந்தார். லேசான சிராய்ப்பெல்லாம் கணக்கில் வராதாம்.

நான்காம் நாள் காலையில் அப்பா துணியை அவிழ்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மூணு நாளும் நம்ம வீட்ல கெட்டது ஒண்ணும் நடக்கல. ராசியான கல்லுதான்."

"அப்போ எனக்கு நடந்தது?" என்றேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"உனக்கு என்னம்மா நடந்துச்சு?"