நோலீன் கேட்க மறுத்த உண்மை

டிமாரு ஊர் இறைச்சி ஆலையில் இருபத்தாறு வருடமாக ஆட்டுக்கறிப் பெட்டி கட்டியவள் நோலீன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவென்று தம்பி டெரெக் மட்டும்தான். தன் மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த மகள் ஷானாவிடம், பதினோரு வயதுப் பிள்ளையிடம், அவன் தகாதபடி நடந்ததாகத் தீர்ப்பாகிச் சிறைக்குப் போனபோது நோலீன் நம்பவே இல்லை. கோர்ட்டு வாசலில் அந்தப் பிள்ளையைப் பார்த்து "பொய்க்காரி" என்று கத்தினாள். அதற்குப் பிறகு ஆலையில் தேநீர் வேளைக்கு அவள் மேசையில் யாரும் உட்காரவில்லை. தம்பிக்காகத்தானே என்று அதையும் சகித்துக்கொண்டாள்.

ஏழாம் வருடம் சிறையிலிருந்து கடிதம் வந்தது. இப்படிப்பட்ட குற்றம் செய்தவர்களுக்கான சிகிச்சைக் குழுவில் டெரெக் ஒன்பது மாதம் இருந்துவிட்டான். இனி குடும்பத்தார், நண்பர்கள் முன்னால் தன் குற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். போனது அவள் ஒருத்திதான்.

குழுவை நடத்தும் மெரே என்ற பெண்மணி அவளைத் தம்பிக்கு எதிரில் உட்காரவைத்தாள்.

"இளைச்சுட்டியேடா," என்றாள் நோலீன்.

"அக்கா, ஷானா சொன்னது அத்தனையும் நெஜம். நான்தான் செஞ்சேன்."

"வெளிய விடணும்னா இப்படிச் சொல்லுன்னு இவங்க சொன்னாங்களா?"

"இல்லக்கா. நீ நம்புனது எனக்கு வசதியா இருந்துச்சு. அதான் வாயத் தெறக்கல."

"அந்தப் புள்ளைய நான் என்ன சொன்னேன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பேசாம இருந்தியா?"

மெரே தண்ணீர் நீட்டினாள், நோலீன் வாங்கவில்லை. விடுதலைக்குப் பின் தன்னைக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றான் டெரெக். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போனானா, தனியாக உட்கார்ந்து குடித்தானா என்று தவறாமல் கேட்க வேண்டும்.

"நீ பொய் சொன்னா நேரா இவங்ககிட்டதான் சொல்லுவேன். தம்பின்னு பாக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, மெரே கொடுத்த சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஊர் திரும்பியதும் ஷானாவுக்கு எழுதினாள்: "நீ சொன்னது உண்மை. பொய் பேசியவள் நான்." நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. "கடிதம் கிடைத்தது. இனி எழுத வேண்டாம்."

நோலீன் எழுதவில்லை. டெரெக் வெளியே வந்து வேறு ஊரில் குடியிருக்கிறான். ஞாயிறுதோறும் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்கிறாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பதில்லை. தொலைபேசியை வைத்த பிறகு, திங்கட்கிழமை ஆலை திறக்கும்வரை அவளோடு பேச யாருமில்லை.