மூன்றாவது பாட்டிலிருந்து டிரம்ஸ் அடித்தது யார்

கேலா பிரதர்ஸா, ஸ்லாக் ஹில்லா என்று ஆஸ்திரேலியாவின் உருக்காலை ஊரான போர்ட் கெம்ப்ளாவில் கேட்டுவிட்டு யாரும் சும்மா நகர்ந்துவிட முடியாது. எழுபதுகளில் இரண்டு ராக் குழுக்களும் துறைமுகத்தை ஒட்டிய ஒரே மதுக்கடை மேடையில் வாசித்தவை. வியாழக்கிழமை கேலா பிரதர்ஸ், சனிக்கிழமை ஸ்லாக் ஹில். எது உசத்தி என்ற சண்டையில் கல்யாண விருந்தில் கைகலப்பு நடந்திருக்கிறது. அண்ணன் தம்பி வருஷக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

இரண்டையும் ஒரு வாரம் விடாமல் ஆறு வருடம் கேட்டவர் ஊரிலேயே ஒருவர்தான். அந்தக் கடையில் பீர் ஊற்றிய க்ளெனிஸ் ட்ரஸ்காட். இரைச்சலில் காது கேட்காது என்பதால் உதட்டசைவைப் பார்த்தே யாருக்கு என்ன வேண்டுமென்று தெரிந்துகொள்வார். எந்தக் குழு சிறந்தது என்று ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டார்கள். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. பீர் ஊற்றுகிற பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்தார்கள் போலும். நான் 1980இல் அதே கடையின் சமையலறைக்கு ஷ்னிட்சல் இறைச்சி பொரிக்கப் போனவன். பிறகு அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் ஆனேன்.

கேலா பிரதர்ஸின் புகழுக்கெல்லாம் காரணம் ஓர் இசைத்தட்டு. 1978இல் ஒரு வியாழக்கிழமை அந்த மேடையிலேயே பதிவானது. அதற்கு முப்பது வயது ஆனதைக் கொண்டாட, 2008இல் ஒரு ஞாயிறு மதியம் பௌலிங் கிளப்பில் விவாதம் வைத்தார்கள். கேலா பிரதர்ஸ் தரப்பில் பேச சிட்னியிலிருந்து வார்விக் பெல் என்ற விமர்சகர் வந்திருந்தார். ஸ்லாக் ஹில் தரப்பில் பேசியவர் கிளப் செயலாளர் நெவில். அவருக்கு அந்தக் குழுவின் நாலு பாட்டு தெரிந்திருந்தால் அதிகம். முன்வரிசையில் கேலா பிரதர்ஸின் டிரம்மர் டெஸ் ஹாலோரன் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவருக்குப் பாராட்டுப் பலகை கொடுப்பதாக ஏற்பாடு.

எனக்கும் க்ளெனிஸுக்கும் இரண்டு வரிசை முன்னால் ஸ்லாவிட்சா இருந்தாள். ஸ்லாக் ஹில்லின் டிரம்மர் ப்ளாகோ பெட்கோவ்ஸ்கியின் மகள். ப்ளாகோ மாசிடோனியாவிலிருந்து வந்தவர். பகலில் உருக்காலை, சனிக்கிழமை மேடை. 91இல் புற்றுநோயில் போய்விட்டார். மகள் கடைத்தெருவில் மருந்துக்கடை நடத்துகிறாள்.

வார்விக் நன்றாகத்தான் பேசினார். பாட்டின் வரிகள், கிடாரின் தொனி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் டிரம்ஸுக்கு வந்தார். ப்ளாகோ பாவம், எப்போதும் அரை நொடி தாமதம் என்றார். ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டே அடித்த மாதிரி இருக்கும் என்றார். கூட்டம் சிரித்தது. ஸ்லாவிட்சா கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள். க்ளெனிஸின் கையிலிருந்த கோப்பை மேசையில் சற்று பலமாகவே இறங்கியது.

அடுத்து இசைத்தட்டின் மூன்றாவது பாட்டைப் போடச் சொன்னார் வார்விக். பல்லவிக்கு முன்னால் டெஸ் ஒரு கணம் நிறுத்தி மூச்சு விடுகிறார், கேளுங்கள், இதுதான் மேதைமை என்றார். பாட்டின் முடிவில் கேட்கிற கத்தலையும் விளக்கினார். பாடகர் 'ஹை டே' என்று கத்துகிறாராம். தங்கள் வாழ்வின் உச்ச நாள் அது என்று அந்தக் கணமே உணர்ந்துவிட்டாராம். இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறாராம்.

க்ளெனிஸ் எழுந்தார்.

"ஒரு சந்தேகம் சார். ப்ளாகோ லேட்டா அடிச்சா தூங்குறாரு. அதையே டெஸ் அடிச்சா மூச்சு விடறாரா?"

"கேள்வி நேரம் கடைசியில வரும்மா" என்றார் வார்விக்.

"முப்பது வருஷமா கடைசிக்குத்தான் காத்திருக்கேன். அடிச்சது ரெண்டு பேர் இல்ல சார். ஒரே ஆள்தான்."

நெவில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். க்ளெனிஸ் உட்காரவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். டெஸ் மத்தியானத்திலிருந்தே குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பாட்டு அடித்தார். பிறகு முக்காலியிலிருந்து சரிந்துவிட்டார். அவரைத் தூக்கிப்போய்ச் சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் கிடத்தியவர்களில் க்ளெனிஸும் ஒருவர். வாசலில் ஒலிப்பதிவு வண்டி நின்றது. வேலை முடிந்து ஒரு பீருக்காக உள்ளே வந்த ப்ளாகோவைக் கெஞ்சி உட்கார வைத்தார்கள். உருக்காலை பூட்ஸோடு உட்கார்ந்து மூன்றாவது பாட்டிலிருந்து கடைசிவரை அடித்தவர் அவர்தான். டிரம்ஸ் இருந்த இடம் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருட்டு. பார்த்த ஒன்றிரண்டு பேரும் நிதானத்தில் இல்லை. வெளியே சொன்னால் இசைத்தட்டு ஒப்பந்தம் போய்விடும் என்று மறுநாள் டெஸ் அழுதார். ப்ளாகோ சிரித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டார். அதனால் க்ளெனிஸும் வாயைத் திறக்கவில்லை.

"கதை நல்லாருக்கு, ஆதாரம் இருக்கா?" என்றார் வார்விக்.

"பாட்டு கடைசியில வர்ற அந்தக் கத்தலைத் திரும்பப் போடுங்க."

போட்டார்கள். ஸ்லாவிட்சா கைப்பையை மூடிவிட்டுத் திரும்பினாள். யாரும் கேட்காமலேயே பேசினாள்.

"அது ஹை டே இல்ல. அய்டெ. எங்க பாஷையில 'கிளம்பு, கிளம்பு'ன்னு அர்த்தம். தினமும் காலைல அப்பா என்னை ஸ்கூலுக்குக் கிளப்புற சத்தம் அது. இந்த ரெக்கார்டு எங்க வீட்டுல இருந்ததே இல்ல. ஏன்னு இப்பதான் புரியுது."

கூட்டம் மொத்தமும் டெஸ்ஸைப் பார்த்தது. அவர் தன் பீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெவில் மைக்கைப் பிடித்து, இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் கிளப் குலுக்கலை இப்போதே நடத்திவிடலாம் என்று அறிவித்தார். குலுக்கல் முடிந்ததும் டெஸ்ஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் போனார், பலகையை வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார்.

க்ளெனிஸ் வெளியே வந்துவிட்டார். நானும் பின்னாலேயே வந்தேன். வாசற்படியில் நின்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"குடிச்சு விழுந்ததை நான் மன்னிச்சு முப்பது வருஷம் ஆச்சு. இன்னைக்கு அவன் தெளிவாத்தானே இருந்தான்?"

அந்த வாரமே கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. விருந்தினரை அவமதித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் உறுப்பினர் அட்டை ரத்து. க்ளெனிஸ் அட்டையை இரண்டாக வெட்டி, அவர்கள் கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினார். உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார். அவர்கள் பாதியை வெட்டிவிட்டு, பழைய நினைவுகள் பகுதியில் போட்டார்கள். அதைப் படித்துவிட்டு அவர் போட்ட சத்தம் என் சமையலறை வரை கேட்டது.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, உள்ளூர் வானொலியில் நேயர் விருப்பம் போய்க்கொண்டிருந்தபோது டெஸ் தொலைபேசியில் வந்தார். எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள்.

"பாட்டு வேணாம். அந்த ரெக்கார்டுல மூணாவது பாட்டிலேர்ந்து அடிச்சது நான் இல்ல, ப்ளாகோ. க்ளெனிஸ் சொன்னது நிஜம்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

என்ன ஆயிற்று என்று பிறகு அவர் மனைவி சொன்னார். டெஸ்ஸின் இரத்த அழுத்த மாத்திரை மாதாமாதம் ஸ்லாவிட்சாவின் கடையில்தான். விவாதத்துக்குப் பிறகு முதல்முறை போனபோது அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை. எப்போதும்போல மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள். உப்பைக் குறைக்கச் சொன்னாள். நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

வார்விக் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மூச்சு டெஸ்ஸின் பாணி அல்ல என்று தனக்கு எப்போதுமே ஒரு உறுத்தல் இருந்ததாக எழுதினார்.

ஸ்லாக் ஹில் ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. க்ளெனிஸுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை வரிசையாகப் பீர் வாங்கிக் கொடுத்தார்கள். எங்க ஆள் நீ என்று ஒருவன் தோளைத் தட்டினான். அவனிடம் அவர் சொன்னது இன்னும் பலருக்கு ஆறவில்லை.

"நான் யாரோட ஆளும் இல்ல. எனக்குப் பிடிச்சது கேலா பிரதர்ஸ்தான். உங்க ஸ்லாக் ஹில்லுக்கு அடிக்கத் தெரியும், பாட்டு எழுதத் தெரியாது. இதை அப்பவே கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

அடுத்த வருடம் அந்த இசைத்தட்டு குறுந்தகடாக வந்தது. பின்னட்டையில் சின்ன எழுத்தில் டிரம்மரின் பெயரும் இருந்தது: 'பாப் பெட்ரோவ்'. க்ளெனிஸ் நிறுவனத்துக்கு எழுதினார். அடுத்த பதிப்பில் திருத்துகிறோம் என்று பதில் வந்தது. அன்று மதியமே என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்து நகரமான வல்லங்காங்குக்குப் பேருந்து ஏறினார். இசைத்தட்டுக் கடையில் இருந்த பதினோரு பிரதிகளின் பிளாஸ்டிக் உறையையும் கிழித்தார். ஒவ்வொன்றிலும் தவறான பெயரை அடித்துவிட்டு, ப்ளாகோ பெட்கோவ்ஸ்கி என்று கறுப்பு மையில் எழுதினார். கடைக்காரர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். உங்கள் சரக்கைச் சரி செய்கிறேன் என்றார் க்ளெனிஸ். எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை கேட்பாரோ என்று நான் பயந்தபடி நின்றேன். கடைக்காரர் கேட்கவில்லை. ஒரு பிரதியைக் கையிலெடுத்துப் படித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கிடங்கில் இருந்த அதே குறுந்தகட்டின் இன்னொரு பெட்டியையும் கொண்டுவந்து க்ளெனிஸ் முன்னால் வைத்தார்.