நூற்றெட்டுச் செம்பு தண்ணீர்

பதினைந்து நாளைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஜட்காவிலிருந்து ஓர் ஐஸ் பாளம் இறங்கியது.

கோணியில் சுற்றி, உமியில் புதைத்து, திருச்சியிலிருந்து காவேரிப் பாலம் தாண்டி வந்த பாளம். பாதி வழியிலேயே ஒழுகிவிட்டது. மீதியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

எங்கள் தெருவில் ஐஸ் வந்தால் ஜுரம் என்று அர்த்தம். எதிர்வீட்டு வக்கீல் வெளியே வந்துவிட்டார்.

"யாருக்கு ஓய் டைபாய்டு?"

"ஒருத்தருக்கும் இல்லை. பையன் முக்திநாத் போறான். குளிருக்குப் பழக்கறேன்."

வக்கீல் என்னையும் பாளத்தையும் பார்த்தார். "நடத்தும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் ஒரே பிள்ளை சௌரிக்கு வயது இருபத்து மூன்று. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. சித்திரை வீதி நரசிம்மாச்சாரி ஒரு கோஷ்டியைத் திரட்டி, நேபாள ராஜ்யத்தில் ஹிமாலயத்துக்குள் இருக்கும் முக்திநாத்துக்கு அழைத்துப் போகிறார். ஏற்கெனவே ஒரு தடவை போய் உயிரோடு திரும்பியவர். சௌரி என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டான். கோரக்பூர் தாண்டி எல்லை வரை ரயில். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் வாரக்கணக்கில் நடை. பள்ளத்தாக்கு, கயிற்றுப் பாலம், பனி...

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவன். இருபது வருஷமாக ஹிமாலயத்தைக் கரும்பலகையில் வரைகிறேன். நேரில் அரக்கோணத்துக்கு வடக்கே போனதில்லை. அதனால் என்ன? ஏற்பாடுகளை நான் ஏற்றுக்கொண்டேன்.

முதலில் கம்பளிக் கோட்டு. பொன்மலையில் ஓர் இஞ்சின் டிரைவரிடம் பழையதை வாங்கி வந்தான் சௌரி. யார் போட்டதோ என்று என் மனைவி பங்கஜம் அதை மூன்று தடவை நனைத்துப் பிழிந்து சித்திரை வெயிலில் உலர்த்தினாள். கோட்டின் கை சுருங்கி முழங்கைக்கு ஏறிவிட்டது. அடுத்தது மலையேற்றம். மூட்டையோடு மலைக்கோட்டைப் படிகளில் ஏறச் சொன்னேன். உச்சியில் பிள்ளையார் இருக்கிறார், நாமோ வைஷ்ணவர்கள்; ஆகவே கடைசிப் படிக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்று உத்தரவு. ஹிமாலயத்தையும் இப்படி முக்கால்வாசி ஏறித் திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பாக்கி இருந்தது அந்த நூற்றெட்டுத் தாரை. முக்திநாத்தில் கோயிலைச் சுற்றி நூற்றெட்டு வாய்களிலிருந்து பனி உருகிய தண்ணீர் கொட்டுகிறது. எல்லாவற்றிலும் தீர்த்தமாட வேண்டும். எப்படி ஆடுகிறார்கள் என்று நரசிம்மாச்சாரியைக் கேட்டிருக்கலாம். பூகோள வாத்தியார் போய் இன்னொருவரிடம் ஹிமாலயத்தைப் பற்றிக் கேட்பதா? நானே கணக்குப் போட்டேன். தாரைக்கு ஒரு செம்பு. ஆக நூற்றெட்டுச் செம்பு.

ஐஸை அண்டாவில் போடப் பங்கஜம் விடவில்லை.

"ஏன்னா, பாக்டரியில எவன் கை பட்டதோ. ஆத்து அண்டாவுல அதைப் போடுவாளா?"

"உறைஞ்ச தீர்த்தம்தானேடி?"

"உறைஞ்சா சுத்தமாயிடுமா? தொட்டியில ஐஸைக் கொட்டுங்கோ. நடுவுல அண்டாவை வைங்கோ. குளிர் ஏறட்டும், மேல பட வேண்டாம்."

மடியும் கெடவில்லை, தண்ணீரும் கத்தியாக மாறிவிட்டது. அவளை நான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்க வேண்டும்.

சௌரி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். நான் ஊற்றினேன், நானே எண்ணினேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஐஸ் வாங்கியது அவனைப் பழக்குவதற்கு மட்டும் அல்ல. பத்தாவது செம்பில் "நான் போகலைப்பா" என்று எழுந்து ஓடுவான் என்று எதிர்பார்த்தேன். பையன் ஓடவில்லை. இருபதில் பல் கிட்டியது. நாற்பதில், "ஊத்துங்கோ," என்றான். அறுபதில் அதுவும் சொல்லவில்லை.

"போறும், விடுங்கோ," என்றாள் பங்கஜம்.

"இன்னும் கொஞ்சம்தான்."

யார் முதலில் விடுவது என்ற போட்டியாகிவிட்டது. எண்பத்து மூன்றாவது செம்பில் அவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். உதடு நீலம்.

அன்று மத்தியானத்துக்குள் ஜுரம் நூற்று மூன்று. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், முகத்தைச் சுளித்தார், பிறகு சொன்னார்:

"நெத்தியில ஐஸ் வைங்க. உடனே."

தொட்டியைப் போய்ப் பார்த்தேன். உமிதான் மிதந்தது.

மறுபடி ஜட்கா. மறுபடி பாலம். பாக்டரியில் இருந்தவர் சிரித்தார். "காலையிலதானே சாமி வாங்கிட்டுப் போனீங்க? அதுக்குள்ள தீந்துடுச்சா?" நான் காசை நீட்டினேன். இந்தத் தடவை சின்னப் பாளம்; திரும்பும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டு ஒழுகினாலும் என் பிள்ளைக்குக் குறைகிறதே என்று துண்டால் பொத்திப் பொத்தி... வேட்டி நனைந்தது, தொடை மரத்துப்போனது. எதிர்வீட்டு வக்கீல் வாசலில் நின்றிருந்தார். அவரே வந்து பாளத்தை வாங்கி இறக்கினார்.

நான்காம் நாள் ஜுரம் விட்டது. நெஞ்சில் ஒன்றும் தங்கவில்லை என்றார் டாக்டர். அதற்குள் நரசிம்மாச்சாரி ஆள் அனுப்பிவிட்டார்: நெஞ்சு பலமில்லாத பையனைக் கூட்டிப் போக முடியாது, பெயரை எடுத்துவிட்டேன்.

நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன்... ஒரு நாள் முழுக்க. சௌரி கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். முதுகுக்கு என்ன பதில் சொல்வது?

சித்திரை வீதிக்குப் போனேன்.

"அவன் நெஞ்சு நன்னாத்தான் இருக்கு, ஸ்வாமி. தப்பு என்னோடது," என்று நூற்றெட்டுச் செம்புக் கதையைச் சொன்னேன்.

நரசிம்மாச்சாரி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"தாரைக்கு ஒரு செம்புன்னு உமக்கு யார் சொன்னா?"

"நானேதான்..."

"எல்லாத் தாரையும் பக்கத்துப் பக்கத்துலதான் ஓய் கொட்டறது. தலையைக் குனிஞ்சுண்டு ஒரே ஓட்டம். ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. அறுபது வயசுல நான் ஓடினேன். எண்பத்து மூணு செம்பு தாங்கினானா உம்ம பிள்ளை?"

"தாங்கினான்."

"அப்போ அவனுக்கு ஹிமாலயத்துல ஒரு ஆபத்தும் இல்லை. வரச்சொல்லும். ஆனா ஒண்ணு. இனிமே நீர் ஒரு ஏற்பாடும் பண்ணப்படாது."

சரி என்று ஒப்புக்கொண்டு வந்தேன். பனிக்கும் பள்ளத்தாக்குக்கும் பயந்து நாம் பிள்ளைகளுக்கு என்னென்னவோ சேகரிக்கிறோம். அந்த மலைகள் அவர்களை என்ன செய்யுமோ, தெரியாது. அதற்குள் நாம் செய்துவிடுவது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

அடுத்த மாதம் கிளம்புகிறான். மூட்டைப் பக்கம் நான் போவதில்லை. விடியற்காலையில் எழுந்து அவன் குளிக்க வெந்நீர் மட்டும் போட்டு வைக்கிறேன். அவன் நேரே கிணற்றடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பொன்மலைக்குச் சைக்கிளில் போய்விடுகிறான்.

அந்த வெந்நீரில், இந்தச் சித்திரை வெயிலில், நான் குளிக்கிறேன்.