ஒனோரேயின் நாக்கு

லியோன் நகரத்தில் ஒனோரேயின் நாக்குக்குத் தனி மரியாதை. வெண்ணெயை ஒரு வாய் வைத்தால், பசு எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தது என்று சொல்லிவிடும். வருடத்தில் ஒரு நாள், ஊர்ச் சாப்பாட்டுச் சங்கத்தின் நடுவராக மூன்று உணவகங்களில் தின்று, அவற்றில் சிறந்த ஒன்றின் வாசலுக்குப் பித்தளைப் பலகை கொடுப்பார். பெண்டாட்டி, பிள்ளை எல்லாமே அவருக்கு அந்த நடுவர் நாற்காலிதான்.

போன குளிர்காலக் காய்ச்சலில் அந்த நாக்கு செத்துப்போயிற்று. உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். வெளியே தெரிந்தால் நாற்காலி போய்விடும். ஆகவே கூட வரும் சங்கச் செயலாளர் காஸ்பாரின் முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வதென்று கிளம்பினார்.

முதல் கடையில், காலை ஒன்பதுக்கு வறுத்த மாட்டுக்குடலும் சிவப்பு ஒயினும். காஸ்பார் கண்ணை மூடி ரசித்தார்.

"பிரமாதம்!" என்றார் ஒனோரே.

"நீங்க இன்னும் வாயிலயே வைக்கலியே, ஐயா?"

"வாசனையே சொல்லுதேய்யா!"

காஸ்பாருக்குப் பொறி தட்டியது. மதியக் கடையில் மீன் கொழுக்கட்டை அவர் வாயில் வெண்ணெயாய்க் கரைந்தது. வேண்டுமென்றே முகத்தைச் சுளித்தார்.

"ஊசிப்போனதையா போடறே?" என்று தட்டைத் தள்ளினார் ஒனோரே. சமையல்காரர் ஏப்ரனில் முகம் புதைத்து அழுதார். காஸ்பார் வெளியே போய் மூன்றாவது கடைக்கு போன் போட்டார்.

அது பிலிபெர்த்தின் கடை. அவளுடைய வெங்காய சூப்பை இருபது வருடம் முன்பு "பாத்திரம் கழுவின தண்ணி" என்று எழுதி, மூன்று வருடம் அவளை ஈ ஓட்ட வைத்தவர் ஒனோரே.

ஏழு மணிக்குள் சேதி பரவி, கடையில் உட்கார இடமில்லை. பிலிபெர்த், மேலே பாலாடைக்கட்டி உருகிய சூப்பை வைத்தாள். "உங்களுக்குன்னே பண்ணினது, ஐயா."

காஸ்பார் தம் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்துச் சொக்கினார். "ஆகா, அமிர்தம்!" என்று ஒனோரே மூன்று வாய் விழுங்கினார்.

கடையில் ஒரு கரண்டி அசையவில்லை. ஒனோரே குனிந்து பார்த்தார். பாலாடைக்கட்டிக்கு ஓரமாக ஒரு சோப்புக் குமிழி எழும்பி, விளக்கொளியில் பளபளத்து உடைந்தது.

"நாக்கு சரியில்லன்னா சொல்லிடுங்க ஐயா. வேற நடுவரைப் பாத்துக்கறோம்" என்றாள் பிலிபெர்த், பெற்ற தாயைப் போல.

ஒனோரே அவளைப் பார்த்தார். காஸ்பாரைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு நீட்டினார்.

"என் நாக்குக்கு என்ன குறைச்சல்? இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும்மா."

பலகை பிலிபெர்த்துக்குப் போயிற்று. நடுவர் நாற்காலியும் பதினொரு வருடம் ஒனோரேயை விட்டுப் போகவில்லை. அவர் சாப்பிட வரும் நாளுக்கு மட்டும், ஆறு மாதம் முன்பே மேசை பிடித்துவைத்தார்கள் ஊர்க்காரர்கள்.